கண் திறக்காத குட்டி கையில கெடச்சா பாலுக்கு முன்னாடி என்ன செய்யணும்

கேள்விய சுருக்கமா சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன். நேத்து சாயந்திரம் மரத்தடியில கண் திறக்காத அணில் குட்டி ஒன்னு கெடந்துச்சு, வீட்டுக்கு எடுத்துட்டு வந்து இங்க் ஃபில்லர்ல பசும்பால் கொஞ்சம் விட்டேன், ரெண்டு மூணு சொட்டு குடிச்சிட்டு இப்ப அசையாம தூங்குது, இத நானே வளத்து பெரிசானதும் விட்டுடலாமா, பொதுவா அடிபட்ட பறவையோ தாயில்லாத குட்டியோ கெடச்சா என்ன பண்ணணும்னு கேட்டிருக்கீங்க.

முதல்ல பாலை நிறுத்துங்க. இத படிச்சு முடிக்கிறதுக்கு முன்னாடியே எழுந்து போய் குட்டியோட வயித்துப் பக்கம் விரல வச்சுப் பாருங்க. உங்க விரலவிட சில்லுனு இருந்தா அது தூங்கல, குளிர்ல அடங்கிப் போயிருக்கு. கண் திறக்காத, முடி சரியா முளைக்காத குட்டியால தன் உடம்பு சூட்ட தானே காப்பாத்திக்க முடியாது, கூட்டுக்குள்ள அம்மாவும் கூடப் பொறந்ததுங்களும் ஒட்டிக்கிட்டு இருக்கிற வரைக்கும்தான் அதுக்குச் சூடு. ஒரு அட்டைப்பெட்டி எடுத்து அடியில பழைய மெத்துன்னு இருக்கிற காட்டன் துணி போடுங்க, டர்க்கி டவல் வேணாம், அதுல இருக்கிற நூல் வளையத்துல குட்டியோட நகம் மாட்டி காலே திருகிப் போறத பாத்திருக்கேன். வெந்நீர் ஊத்தின பாட்டில துணியில நல்லா சுத்தி பெட்டிக்குள்ள ஒரு பக்கமா மட்டும் வைங்க, மொத்தப் பெட்டியும் சூடாயிட்டா அது ஒதுங்க எடம் இருக்காது. பெட்டி மேல ஒரு துணியப் போட்டு இருட்டாக்குங்க, காத்து போக ஓட்டை இருக்கட்டும். பல்பு கிட்ட வைக்கிறது, வெயில்ல வைக்கிறது, ஹேர் ட்ரையர் காட்டுறது எதுவும் வேணாம். அர மணி நேரத்துலருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள குட்டி சூடாகி, தொட்டா நெளிய ஆரம்பிக்கும்.

அடிபட்ட, தாயில்லாத காட்டு உயிர்கள மீட்டு வளக்கிற இந்த வேலையில இருக்கிறவங்க எல்லாரும் மனப்பாடமா வச்சிருக்கிற வரிசை ஒன்னுதான், முதல்ல சூடு, அப்புறம் நீர்ச்சத்து, கடைசியாத்தான் ஆகாரம். உடம்பு குளிர்ந்து கெடக்கும்போது குடல் வேலை செய்யாது, அந்த நேரத்துல உள்ள போற பால் செரிக்காம அங்கயே தேங்கி புளிச்சு வயிறு உப்பிடும். அதே மாதிரி நீர் வத்திப் போன உடம்புக்கு நேரா பால் கொடுத்தா, அத செரிக்கிறதுக்கே இருக்கிற கொஞ்ச நீரையும் உடம்பு செலவழிக்க வேண்டி வரும். தோள் பக்கத்துத் தோல லேசா கிள்ளித் தூக்கிட்டு விடுங்க, உடனே படிஞ்சா பரவால்ல, கூடாரம் மாதிரி நின்னு மெல்ல எறங்குனா நீர் வத்தியிருக்குன்னு அர்த்தம். நான் இந்த வேலைக்கு வந்த முதல் வருஷம் 18 கிராம் இருந்த ஒரு அணில் குட்டிய ஒருத்தர் கொண்டு வந்தாரு, பசியில வாயத் திறந்து திறந்து மூடுனத பாத்ததும் எனக்கு மனசு தாங்கல, சூடு பண்ண பொறுமையில்லாம பாலக் கொடுத்துட்டேன். அது ஆசையாத்தான் குடிச்சுது. விடியக்காலைல வயிறு கல்லு மாதிரி ஆகி செத்துப் போச்சு. பட்டினியில சாகுறதுக்கு அதுக்கு இன்னும் நேரம் இருந்துச்சு, நான் அவசரப்பட்டேன். அதனாலதான் பாலப் பத்தி முதல் வரியிலயே சொன்னேன்.

பசும்பால் ஏன் கூடாதுன்னு கேப்பீங்க. பால்னா எல்லாம் ஒன்னுதான்னு நமக்குத் தோணும், ஆனா ஒவ்வொரு மிருகத்தோட பாலும் அந்தக் குட்டி எவ்வளவு வேகமா வளரணும், அம்மா எத்தன மணி நேரத்துக்கு ஒருக்கா வரும், வெளிய எவ்வளவு குளிரு இதுக்கெல்லாம் ஏத்த மாதிரி இருக்கும். பனிக்கடல்ல இருக்கிற ஹூடட் சீல்னு ஒரு கடல்நாய் வகை விலங்கு, அதோட குட்டி மொத்தமே நாலு நாள்தான் பால் குடிக்கும், அதனால அந்தப் பால்ல 60 சதவீதம் வரைக்கும் கொழுப்பு. பசும்பால்ல 4 சதவீதம். அணில் குட்டிக்கு பசும்பால்ல இருக்கிற லாக்டோஸ்ங்கிற பால் சர்க்கரை ஒத்துக்காது, கொழுப்பும் பத்தாது, வயித்தால போகும், அதுலயே நீர் வத்திப் போகும். காட்டு உயிர் மீட்பு மையங்கள்ல, நாய்க்குட்டிக்குன்னு கடையில விக்கிற பால் பவுடர அளவு பாத்து கலந்து கொடுப்பாங்க.

யானைக்குட்டிக்கு இந்தப் பாலக் கண்டுபிடிக்கிறதுக்கு கென்யாவுல டாஃப்னி ஷெல்ட்ரிக் அம்மா கிட்டத்தட்ட 28 வருஷம் போராடுனாங்க. மாட்டுப்பால் கொழுப்பு கொடுத்த குட்டிங்க ஒன்னொன்னா செத்துப் போச்சு, கடைசியில தேங்காயெண்ணெய் கொழுப்பு கலந்த குழந்தைப் பால் பவுடர்தான் ஒத்துக்கிச்சு. அவங்க கதைய பின்னாடி இன்னொரு எடத்துல சொல்றேன், ஏன்னா பாலவிட பெரிய பாடம் ஒன்னு அதுல இருக்கு.

கொடுக்கிற விதமும் பாலு மாதிரியே உயிர் விஷயம். மல்லாக்கப் படுக்க வச்சு குழந்தைக்குக் கொடுக்கிற மாதிரி கொடுக்கக் கூடாது, குப்புற, தல கொஞ்சம் தூக்கின மாதிரி பிடிக்கணும். இங்க் ஃபில்லர அழுத்துனா எவ்வளவு வருதுன்னு நம்ம கையில இல்ல, அதனால 1 மில்லி சிரிஞ்ச்ல சொட்டுச் சொட்டா, அது நக்கி முழுங்குன அப்புறம்தான் அடுத்த சொட்டு. மூக்கு வழியா ஒரு குமிழி வந்தாலும் உடனே நிறுத்தி தலைய கீழ் பக்கமா சாய்ச்சுத் துடைக்கணும், அது நுரையீரலுக்குப் போயிருந்தா ரெண்டு மூணு நாள்ல நிமோனியா வரும், மூச்சு விடும்போது கிளிக் கிளிக்னு சத்தம் கேக்கும். அளவு உடம்பு எடையில 5 சதவீதம், அதாவது 20 கிராம் குட்டிக்கு ஒரு தடவைக்கு ஒரே ஒரு மில்லி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா, தினமும் எடை போட்டு எழுதி வச்சு. இன்னொன்னு யாருக்கும் தெரியாது, இந்த வயசுக் குட்டிக்கு தானா ஒன்னுக்கு ரெண்டுக்கு போகத் தெரியாது, அம்மா நக்கி விட்டாத்தான் வரும், நாம வெதுவெதுப்பான தண்ணியில நனைச்ச பஞ்சால மெல்லத் தடவி விடணும். இத செய்யாம விட்டு மூத்திரப் பை வீங்கி செத்த குட்டிங்க நிறைய. இவ்வளவையும் ஏன் சொல்றேன்னா, நீங்க வீட்ல வளக்கறதுக்காக இல்ல, இது எவ்வளவு நுணுக்கமான வேலைன்னு தெரிஞ்சுக்கணும்னுதான். சூடு பண்றது வரைக்கும் உங்க வேலை, மிச்சத்த பழகினவங்க கிட்ட விட்டுடுங்க.

சரி, இதுக்கெல்லாம் முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி ஒன்னு இருக்கு. அந்தக் குட்டி நெஜமாவே அனாதையா? மீட்பு மையத்துக்கு வர்ற குட்டிகள்ல எத்தனையோ குட்டிங்களுக்கு அம்மா உயிரோட பக்கத்துலயே இருக்கும், நாமதான் தூக்கிட்டு வந்திருப்போம், நல்ல மனசோட செய்ற கடத்தல்தான் அது, எனக்கு வேற வார்த்தை வரல. முயல் இனங்கள்ல அம்மா நாள் பூரா குட்டி பக்கமே வராது, பொழுது சாஞ்சதும் ஒரு தடவ வந்து பால் கொடுத்துட்டு ஓடிடும், கூட இருந்தா தன் வாசனைக்கு நரி வந்துடும்னு. மான் புதுசா போட்ட குட்டிய புல்லுக்குள்ள படுக்க வச்சிட்டு தூரமா மேயப் போகும், அந்தக் குட்டி உங்க கால் பக்கத்துல வந்தாலும் அசையாம சுருண்டு கெடக்கும். அதப் பாத்து பாவம் நடக்க முடியல போலன்னு தூக்கிட்டு வந்துட்டா, சாயந்திரம் அந்தத் தாய் வந்து தேடும்.

பறவைக் குஞ்சும் அப்படித்தான். இறக்கை முளைக்காத, தோல் தெரியுற குஞ்சு கீழ கெடந்தா கூட்டுல எடுத்து வைங்க. ஆனா உடம்பு பூரா இறகு முளைச்சு, வால் குட்டையா, தத்தித் தத்தி குதிக்கிற குஞ்சு கூட்ட விட்டு தானா எறங்கினது, அது பறக்கக் கத்துக்கிற கட்டம். சில நாள் தரையிலயும் புதர்லயும்தான் இருக்கும், அம்மா அப்பா மேல உக்காந்து பாத்துக்கிட்டு வந்து வந்து ஊட்டும். பூனை நாய் வராம பாத்து, ரோட்டுல இருந்தா பக்கத்துல ஒரு புதர்ல ஏத்தி விட்டுட்டு வந்துடுங்க, அவ்வளவுதான். மனுஷன் தொட்டா அம்மா சேக்காதுன்னு நாம எல்லாரும் சின்ன வயசுலருந்து கேட்டிருக்கோம், அது உண்மையில்ல. குஞ்சு மேல மனுஷ வாசனை அடிக்குதேன்னு பறவைங்க அத ஒதுக்காது, ராத்திரி பகலா பூச்சி தேடி ஊட்டி வளத்த குஞ்ச அவ்வளவு லேசுல விட்டுடாது. கூடு ஒசரத்துல இருந்தாலோ உடைஞ்சு போயிருந்தாலோ ஒரு சின்ன கூடைக்கு அடியில ஓட்டை போட்டு காஞ்ச புல்ல வச்சு அதே மரத்துல கட்டினா போதும், குஞ்சு கத்துற சத்தத்துக்கு வந்துடும்.

அப்ப எப்பத்தான் தூக்கணும்னா, ரத்தம் வந்தா, இறக்கை ஒரு பக்கம் தொங்கினா, உடம்புல ஈ முட்டை அரிசி நொய் மாதிரி ஒட்டியிருந்தா, அம்மா பக்கத்துலயே செத்துக் கெடந்தா, உடம்பு சில்லுனு இருந்தா, மணிக்கணக்கா கத்திக்கிட்டே நம்மள நோக்கி வந்தா. இன்னொன்ன தனியா சொல்லணும், பூனை வாயில இருந்து விழுந்தது. வெளிய பாத்தா ஒன்னுமே இருக்காது, ரெண்டு இறகு கலைஞ்சிருக்கும், நல்லாத்தான இருக்குன்னு பறக்க விட்டுடுவாங்க. பூனையோட பல்லு ஊசி மாதிரி, உள்ள ஆழமா எறங்கும், அதோட வாயில பாஸ்டுரெல்லான்னு ஒரு பாக்டீரியா இருக்கு, அது ரத்தத்துல கலந்தா சின்ன பறவை ஒன்னு ரெண்டு நாள்ல போயிடும். பூனை தொட்டதுன்னு தெரிஞ்சா காயம் தெரியுதோ இல்லையோ அன்னைக்கே ஆன்டிபயாடிக் வேணும். அமெரிக்காவுல மட்டும் பூனைங்களால வருஷத்துக்கு 130 கோடியில இருந்து 400 கோடி பறவைங்க சாகுதுன்னு 2013ல ஒரு கணக்கு வந்துச்சு. பூனை மேல எனக்குக் கோவம் இல்ல, அத வெளிய விட்டு வளக்கறவங்க ராத்திரியும் விடியக்காலையும் மட்டுமாவது உள்ள வச்சிக்கிட்டா நல்லாருக்கும்.

பெரிய பறவையோ விலங்கோ அடிபட்டு கெடந்தா, நீங்க செய்யக் கூடிய பெரிய உதவி இருட்டும் அமைதியும்தான். இத சொன்னா யாருக்கும் திருப்தி வராது, ஏதாவது கொடுக்கணும், தடவணும், பேசணும்னு தோணும். ஆனா அந்த விலங்கு பக்கத்துல இருந்து யோசிச்சுப் பாருங்க, அதோட வாழ்க்கையில தன்ன விட பெரிசா ரெண்டு கண்ணு முன்னாடி இருக்கிற உருவம் தூக்குதுன்னா அடுத்து சாவுதான். கையில எடுத்ததும் அசையாம அமைதியா இருக்கு, என் கையில பாதுகாப்பா உணருதுன்னு எத்தனையோ பேர் சொல்லுவாங்க, வீடியோ எடுத்துப் போடுவாங்க. அது அமைதி கெடையாது. பயத்துல உறைஞ்சு போன நெலம அது, கை வச்சுப் பாத்தா நெஞ்சு எண்ண முடியாத வேகத்துல அடிக்கும்.

மான், முயல், நெட்டக் காலு பறவைங்க இதுகள துரத்திப் பிடிச்சா வேற ஒரு ஆபத்து. பயந்து முழு பலத்தோட ஓடி, பிடிபட்டு, திமிறி, தசையெல்லாம் உள்ளுக்குள்ளயே சிதைய ஆரம்பிக்கும், அந்தச் சிதைவுல வர்ற புரதம் சிறுநீரகத்த அடைக்கும். காயத்துக்கு கட்டுப் போட்டு எல்லாம் நல்லா முடிஞ்சுதுன்னு நெனச்சா ரெண்டு நாள் கழிச்சு படுத்த எடத்துலயே செத்துக் கெடக்கும். கேப்சர் மயோபதின்னு இதுக்குப் பேரு, வந்துடுச்சுன்னா வைத்தியம் ரொம்ப கஷ்டம். அதனால துரத்தாதீங்க, ஒரு துணிய மேல போட்டு கண்ண மறைச்சிட்டா பாதி திமிறல் அடங்கும்.

பறவையப் பிடிக்கும்போது நெஞ்ச சுத்தி இறுக்காதீங்க. அதுக்கு நம்மள மாதிரி உதரவிதானம் இல்ல, நெஞ்செலும்பு முன்ன பின்ன அசைஞ்சாத்தான் மூச்சு, இறுக்கிப் பிடிச்சா வாய் மூக்கு தெறந்திருந்தாலும் மூச்சு நின்னுடும். கண்ணாடியில மோதி விழுந்த பறவைக்கு அலகப் பிளந்து தண்ணி ஊத்துறது நம்ம ஆளுங்களுக்கு கை தானா போற வேலை, அத செய்யவே செய்யாதீங்க, மூச்சுக்குழல் வாய் நாக்குக்குப் பின்னாடியே தெறந்து இருக்கு, மயங்கிக் கெடக்கிற பறவைக்கு அத மூடத் தெரியாது. ஆஸ்திரேலியாவுல காட்டுத்தீ வந்தப்ப கோவாலாவுக்கு பாட்டில்ல தண்ணி குடுக்கிற படத்த எல்லாரும் பாத்திருப்பீங்க, அங்க இருக்கிற மீட்பு ஆளுங்க அதையே வேணாம்னு கெஞ்சுனாங்க, தலைய அண்ணாந்து குடிச்சா தண்ணி நுரையீரலுக்குப் போயிடும், ஒரு பாத்திரத்துல ஊத்தி வச்சிட்டு தள்ளிப் போங்கன்னு. மோதி விழுந்த பறவைய அட்டைப்பெட்டியில ரெண்டு மணி நேரம் இருட்டுல வைங்க, அதுக்கப்புறம் வெளிய கொண்டு போய் தெறந்தா பாதிக்குப் பாதி தானா பறந்துடும், பறக்கலன்னா டாக்டர் பாக்கணும்.

உங்க பாதுகாப்பும் இதுல சேர்த்திதான். கழுகு, ஆந்தை இதுகளோட ஆயுதம் கால்நகம், அலகு இல்ல. கொக்கு நாரைங்க நேரா கண்ணக் குறி வச்சு குத்தும், கழுத்த பிடிக்காம தூக்கக் கூடாது. பாம்ப தொடவே தொடாதீங்க, பழகின ஆள கூப்பிடுங்க. வௌவால், கீரி, நரி, குரங்கு எதையும் வெறுங்கையால எடுக்கக் கூடாது, ரேபிஸ் அறிகுறி வந்துட்டா அநேகமா பொழைக்கவே வழியில்ல. கடிச்சா, கீறுனா, காயத்த சோப்பு போட்டு ஓடுற தண்ணியில பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே ஊசிக்குப் போங்க, சின்னக் கீறல்தானன்னு விடாதீங்க. இத சொன்னா வௌவால் மேல வெறுப்பு வந்துடுமோன்னு எனக்கு எப்பவும் ஒரு தயக்கம் உண்டு. 2018 நவம்பர்ல ஆஸ்திரேலியாவுல கெய்ர்ன்ஸ் பக்கம் வெயில் 42 டிகிரி தாண்டுன ரெண்டு நாள்ல, கண்ண சுத்தி கண்ணாடி போட்ட மாதிரி வெளிர் மஞ்ச முடி இருக்கிற பழந்தின்னி வௌவால் இனம் ஒன்னு, கிட்டத்தட்ட 23,000 செத்து மரத்துலருந்து விழுந்துச்சு, ஆஸ்திரேலியாவுல இருந்த அந்த இனத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு. செத்த தாயோட நெஞ்சுல ஒட்டிக்கிட்டு உயிரோட இருந்த குட்டிங்கள, முன்னாடியே ரேபிஸ் ஊசி போட்டுக்கிட்ட ஆளுங்கதான் எடுத்து வளத்தாங்க. வௌவால் குட்டி ஒன்ன நானும் வளத்திருக்கேன், மின்கம்பியில மாட்டி தாய் செத்துப் போன கேஸு. துணிய சுருட்டி ஒரு உருளை மாதிரி பண்ணிக் கொடுத்தா கால் கொக்கியால அத கெட்டியா பிடிச்சுக்கிட்டு இறக்கைய போர்வை மாதிரி சுத்திக்கும், துணிய எடுத்தா அப்படி ஒரு அழுகை. ஒசரமா தாய் வயித்துல தொங்கிக்கிட்டு வாழ வேண்டிய உசுரு, பிடிமானம் இல்லாம பால் கூட எறங்காது அதுக்கு.

இப்ப நீங்க கேட்ட முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், நானே வளத்து விட்டுடலாமான்னு. எனக்கு கூகைன்னு ஒரு ஆந்தை வகையோட குஞ்சு வந்துச்சு, ரெண்டு வாரம் வயசு இருக்கும், வெள்ளப் பஞ்சு மாதிரி, மொகம் மட்டும் இதயம் வடிவத்துல. முதல் நாள் பக்கத்துல போனாலே அலக டக் டக்னு தட்டி, பாம்பு மாதிரி சீறும். அப்ப எங்க கிட்ட வேற கூகை எதுவும் இல்ல, தனியா இருக்கேன்னு நான் அது கூட பேசுவேன், மொகத்த மறைக்காம கையாலயே ஊட்டுவேன். ஒரு வாரத்துல சீறல் நின்னு போச்சு. என் காலடிச் சத்தம் கேட்டாலே கத்திக்கிட்டு ஓடி வரும், எனக்கு அவ்வளவு சந்தோஷம், அன்னைக்கு அத நான் வெற்றின்னு நெனச்சேன். பறக்கக் கத்துக்கிச்சு, பெரிய கூண்டுக்குள்ள உயிருள்ள எலிய இருட்டுல தானே பிடிச்சுது, எல்லாப் பரீட்சையும் பாஸு. விட்டோம். ஒன்பதாவது நாள் ராத்திரி யாரோ ஒருத்தர் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு இருந்திருக்காரு, பசியில அவர் தோள்ல போய் உக்காந்துடுச்சு, அவரு பயந்து போய் கட்டையால அடிச்சிட்டாரு. அவர் மேல தப்பு சொல்ல மாட்டேன், ராத்திரியில தோள் மேல ஆந்தை வந்து உக்காந்தா யாரா இருந்தாலும் அப்படித்தான் செய்வாங்க. இறக்கை எலும்பு மூட்டுக்குப் பக்கத்துல ஒடைஞ்சிருந்துச்சு, மூட்டுல ஒடைஞ்சது மறுபடி பறக்கிற அளவுக்கு சேராது. அது இன்னும் கூண்டுலதான் இருக்கு, வயசு வந்த கூகை, ஆனா என்னப் பாத்தா இன்னைக்கும் குஞ்சு மாதிரி இறக்கைய நடுக்கி ஊட்டச் சொல்லிக் கேக்குது.

குஞ்சுக்கு கண்ணு தெரிய ஆரம்பிக்கிற நாட்கள்ல யார் ஊட்டுறாங்களோ அவங்கதான் தன் இனம்னு மூளையில பதிஞ்சுடும். விலங்குங்க நடந்துக்கிற விதத்த ஆராய்ஞ்ச கான்ராட் லோரன்ஸ் 1930கள்ல வாத்துக் குஞ்சுங்க தன் பின்னாடியே நடந்து வந்தத வச்சு இத வெளக்குனாரு, 1973ல அவருக்கு நோபல் பரிசு கெடச்சப்ப இந்த ஆராய்ச்சியும் அதுக்கு ஒரு காரணம். இந்தப் பதிவு விழுந்துட்டா அழிக்கிறது ரொம்ப கஷ்டம், பல சமயம் முடியவே முடியாது. அதனாலதான் கலிஃபோர்னியா காண்டார்னு பெரிய பிணந்தின்னிக் கழுகு, 1987ல உலகத்துலயே 27தான் மிஞ்சியிருந்துச்சு, எல்லாத்தையும் பிடிச்சு வச்சு பெருக்குனப்ப குஞ்சுக்கு ஊட்டுனது மனுஷக் கை இல்ல, கையில மாட்டின காண்டார் தலை பொம்மை. இன்னைக்கு எங்க எடத்துல குஞ்சுக்கு ஊட்டுறவங்க மொகத்தையும் உடம்பையும் துணியால மூடிக்குவாங்க, ஒரு வார்த்த பேச மாட்டாங்க, ஒத்தக் குஞ்சு வந்தா அதே இனத்துல இன்னொரு குஞ்சு இருக்கிற மையத்துக்கு அன்னைக்கே அனுப்பிடுவோம். குஞ்சு நம்மளப் பாத்து சீறுனா எனக்கு இப்ப நிம்மதியா இருக்கு.

பாலூட்டி குட்டிங்களுக்கு இது கொஞ்சம் வேற மாதிரி. யானைக்குட்டிக்கு அன்பு இல்லாம உயிரே நிக்காது. டாஃப்னி அம்மா வளத்த ஆயிஷான்னு ஒரு குட்டி, அவங்க ஒருத்தங்க கூடவே வளந்துச்சு. 1974ல மகள் கல்யாணத்துக்காக அவங்க கொஞ்ச நாள் வெளியூர் போனப்ப அந்தக் குட்டி சாப்பிடாம ஏங்கியே செத்துப் போச்சு. அதுலருந்து அவங்க ஆரம்பிச்ச எடத்துல ஒவ்வொரு குட்டி கூடவும் ராத்திரி ஒரு ஆள் படுப்பாரு, ஆனா தினமும் ஆள் மாறிக்கிட்டே இருக்கும், ஒரே ஆள் மேல உயிர வச்சுடக் கூடாதுன்னு. பாசத்த கொடுக்கணும், ஆனா ஒரு ஆளோட பேர்ல கொடுக்கக் கூடாது, இந்த ஒரு விஷயம் புரிய எனக்கு ரொம்ப வருஷம் ஆச்சு. அணில் குட்டியும் ஒத்தையா வளந்தா மனுஷ மேல ஏறி விளையாடும், பூனையப் பாத்து ஓடத் தெரியாது, பருப்ப பதுக்கி வைக்கத் தெரியாது. கூட ரெண்டு மூணு அணில் இருந்தா அதுக்குள்ளயே கடிச்சு விளையாடி கத்துக்கும்.

விடறதும் கதவத் தெறந்து விட்டா முடிஞ்சுடாது. பறவைன்னா நீளமான கூண்டுல வாரக்கணக்கா பறந்து மூச்சு வாங்காம திரும்பத் தெரியணும், இறகு மழையில நனையாம நிக்கணும். வேட்டைப் பறவைக்கு முக்கால்வாசி சரியாச்சுன்னா போதாது, கொஞ்சம் மெதுவா திரும்புனா எலி தப்பிச்சிடும், ஒரு வாரத்துல பட்டினி. அப்புறம் பழக்கி விடறதுன்னு ஒன்னு இருக்கு, விடப் போற எடத்துலயே கூண்ட வச்சு பத்து பதினஞ்சு நாள் அங்கத்த சத்தம், வெளிச்சம், மத்த பறவைங்க எல்லாம் பழகுன அப்புறம் கதவத் தெறந்து விட்டு, அதுவா வராம நிறுத்துற வரைக்கும் அதே எடத்துல சாப்பாடு வச்சுக்கிட்டே இருக்கிறது. டிடிடி பூச்சிமருந்தால அமெரிக்காவுல அழியப் போன பெரிகிரின் வல்லூற 1970கள்லருந்து இப்படித்தான் பாறையிலயும் ஒசர கட்டடங்கள்லயும் பெட்டி வச்சு, ஆள் தெரியாம மேலருந்து எரய விட்டு வளத்து விட்டாங்க, 1999ல அத ஆபத்துப் பட்டியல்லருந்தே எடுத்துட்டாங்க. வளந்த விலங்க மட்டும் எங்க கெடச்சுதோ அங்கயேதான் விடணும், நல்ல காடா பாத்து தூரத்துல விட்டா அங்க தண்ணி எங்கன்னு தெரியாது, ஏற்கனவே இருக்கிறது அடிச்சுத் துரத்தும். ஆமை பாம்புக்கெல்லாம் இது இன்னும் முக்கியம், அதுங்க பழைய எடத்தத் தேடியே நடந்து ரோட்டுல அடிபட்டு சாகும்.

இந்த வேலையால என்ன பெரிசா மாறிடப் போகுதுன்னு கேக்கிறவங்களுக்கு நான் எப்பவும் சொல்றது 2000 ஜூன்ல கேப் டவுன் பக்கத்துல ட்ரெஷர்னு ஒரு கப்பல் மூழ்கி எண்ணெய் கசிஞ்சப்ப நடந்தது. கிட்டத்தட்ட 19,000 பென்குயின் எண்ணெயில நனைஞ்சுது, ஆயிரக்கணக்கான தன்னார்வலருங்க வந்து ஒன்னொன்னா கழுவுனாங்க. கழுவுறதுக்கு முன்னாடி நீர் ஏத்தி, சூடு கொடுத்து, சாப்பிட வச்சு தெம்பு வர வச்சாங்க, ஏன்னா பலவீனமான பறவைக்கு கழுவுறதே சாவு. எண்ணெய் படாத இன்னொரு 19,500 பென்குயின லாரியில ஏத்தி போர்ட் எலிசபெத் பக்கம் கொண்டு போய் கடல்ல விட்டாங்க, அதுங்க கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர் நீந்தி தன் தீவுக்கே திரும்பி வர்றதுக்குள்ள கடல சுத்தம் பண்ணிடலாம்னு. அப்படியே நடந்துச்சு. எண்ணெயில நனைஞ்சதுல பெரும்பாலானது பொழச்சுது. மனுஷன் செஞ்ச சேதத்த மனுஷனே எறங்கி சரி பண்ணினதுல எனக்குத் தெரிஞ்சு இதவிட பெரிசு இல்ல.

எல்லாத்தையும் பொழைக்க வைக்க முடியாதுங்கிறதும் உங்களுக்குத் தெரியணும். முதுகெலும்பு ஒடைஞ்சு கால் இழுத்துக்கிட்டு வர்ற நரிக்கோ, ரெண்டு கண்ணும் போன பருந்துக்கோ வலி இல்லாம முடிச்சு வைக்கிறதும் வைத்தியம்தான், அந்த முடிவ டாக்டர் எடுக்கட்டும், அத குரூரம்னு நெனச்சு மறைச்சு வீட்டுல வச்சுக்காதீங்க. பெரும்பாலான நாடுகள்ல காட்டு உயிர அனுமதி இல்லாம வீட்ல வளக்கிறது சட்டப்படியும் குத்தம். மையத்துக்கோ வனத்துறைக்கோ கூப்பிட்டு, எங்க கெடச்சுது, எத்தன மணிக்கு, பூனை நாய் தொட்டுச்சா, நீங்க என்ன கொடுத்தீங்க, கடைசியா எப்ப ஒன்னுக்கு போச்சுன்னு மறைக்காம சொல்லுங்க, பால் கொடுத்தேன்னு சொன்னா திட்டுவாங்களோன்னு பயந்து மறைக்கிறவங்க உண்டு, அது தெரிஞ்சாத்தான் சரியான வைத்தியம்.

உங்க குட்டிக்கு வர்றேன். அணிலுக்கு ரெண்டு மூணு கூடு இருக்கும், ஒன்னு கலைஞ்சா அம்மா குட்டிங்கள ஒன்னொன்னா வாயில கவ்விக்கிட்டு அடுத்த கூட்டுக்கு மாத்தும், நடுவுல ஒன்னு தவறி விழுந்துடும். மறுநாள் காலையில கூட வந்து எடுத்துட்டுப் போனத நான் பாத்திருக்கேன். அதனால குட்டி நல்லா சூடாகி நெளிஞ்சா, காயம் எதுவும் இல்லன்னா, ஒரு சின்ன தெறந்த பெட்டியில துணியில சுத்துன வெந்நீர் பாட்டிலோட வச்சு அதே மரத்துல எறும்பு ஏறாத எடமா பாத்து நெஞ்சு ஒசரத்துக்கு கட்டுங்க, மேல துணி போட்டு மூடாதீங்க, குட்டி சத்தம் வெளிய கேக்கணும். நீங்க வீட்டுக்குள்ளருந்து ஜன்னல் வழியா பாருங்க, பக்கத்துல நின்னா அது வராது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பாட்டில் தண்ணிய மட்டும் மாத்துங்க. அணில் பகல்லதான் நடமாடும், அதனால இருட்டுறதுக்குள்ள வரலன்னா உள்ள எடுத்துட்டு வந்து சூடு பண்ணி மையத்துல கொண்டு போய் கொடுத்துடுங்க. கொடுக்கும்போது எந்த மரம்னு அடையாளத்தோட எழுதிக் கொடுங்க, இன்னும் ரெண்டு மூணு மாசம் கழிச்சு அத விடறதுக்கு அவங்களுக்கு அந்த மரம் தேவைப்படும்.